ஏற்றத்தில் மட்டும் களைக்கும் கார்

எங்களுடையது 1997ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. கொழும்பில் அதை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாதிரி இலக்கத்தை வைத்து ‘நூற்றுப்பத்து’ என்றால், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேநீர் கொண்டுவரும் பையனுக்கும் விளங்கும். 1,498 சிசி, 5ஏ என்ஜின். அப்பா ஆசையாக வாங்கியது. இப்போது நான் ஓட்டுகிறேன், அம்மா பின்னிருக்கையிலிருந்து மேற்பார்வை செய்கிறார்.

கடந்த ஆண்டு அதற்கு ஒரு வியாதி பிடித்தது. அரை மணி, முக்கால் மணி நேரம் குறையில்லாமல் ஓடும். அதற்குப் பிறகு ஏதாவதொரு ஏற்றத்தில், அல்லது முன்னால் போகும் லொறியை முந்தலாம் என்று மிதியை அழுத்தும் வேளையில், இழுவை போய்விடும். அணையாது, இருமாது, உதறாது. மிதியைத் தரையோடு அழுத்தினாலும் மணிக்கு நாற்பதைத் தாண்டாது, அவ்வளவுதான். ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும்.

எனக்கு வந்த கோபமெல்லாம் இந்த ‘மறுபடி ஓடும்’ என்பதன் மேல்தான். முற்றாக நின்றுபோகும் கார் நேர்மையானது. இது அப்படியில்லை. கராஜ் வாசலில் நிற்கும்போது எந்தக் குறையும் காட்டாது. பாஸ், அதாவது கராஜ் மெக்கானிக், பொனட்டைத் திறந்து, இரண்டு தடவை உறுமவிட்டுப் பார்த்து, “மிஸ், என்ஜின் நல்ல என்ஜின்” என்பார். புகைப் பரிசோதனையிலும் அழகாகத் தேறியது. நின்ற இடத்தில், சுமையில்லாமல் சுற்றும் என்ஜினை வைத்து நடத்தும் பரிசோதனை அது. எங்கள் வியாதிக்கோ சுமையும் சூடும் வேண்டும்.

குறையைக் காணாத பாஸ்மார் சும்மா அனுப்பிவிடுவதில்லை. ஆளுக்கொரு பொருளை மாற்றச் சொன்னார்கள். பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பெற்றோல் ஃபில்டர், இன்ஜெக்டர் கழுவுதல், கடைசியாக முழு பெற்றோல் பம்பு. கிருலப்பனையில் ஒருவர் என்ஜினையே மாற்றிவிடலாம், ஜப்பானிலிருந்து வந்த பாதி வெட்டிய காரில் நல்ல என்ஜின் ஒன்று இருக்கிறது என்றார். இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், யோசிக்கும் நேரத்துக்குக் கொடுப்பதில்லை. ஒரு மணி நேரம் காரை ஓட்டிப்பார்த்துவிட்டு “இன்னும் தெரியவில்லை, இரண்டாயிரம் ரூபாய் தாருங்கள்” என்று ஒரு பாஸ் சொன்னால் நம்மில் எத்தனை பேர் கொடுப்போம்?

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் உள்ளகக் கணக்காய்வு செய்கிறேன். ஆதாரம் இல்லாத செலவைப் பார்த்தால் தூக்கம் வராது. ஆகவே ஒரு முடிவு எடுத்தேன்: குறை நடக்கும் நேரத்தில் அளந்து பார்க்காமல் ஒரு பொருளும் மாற்றுவதில்லை. விற்றுவிடு என்று சொன்னவர்களுக்கும் இதுவே பதில். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் சாதாரண ஆட்களின் கார்களுக்குத் திறந்தது. திறந்த பின்னும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருப்பதைப் பிழைக்க வைப்பதே எங்கள் வருமானத்துக்கு ஏற்ற வழி.

முதல் வேலையாக, காரின் சிறு அறையில் ஒரு குறிப்பேடு வைத்தேன். களைக்கும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், எந்த கியர், ஏசி ஓடியதா, தாங்கியில் எவ்வளவு பெற்றோல், புறப்பட்டு எவ்வளவு நேரம் என்று எழுதினோம். எழுதியவர் பெரும்பாலும் அம்மா. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, அட்டவணை போடுவதென்றால் உற்சாகமாகிவிடுவார். சில வாரங்களில் அந்தத் தாள் பேசத் தொடங்கியது. காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட பயணங்களில் ஒன்றுமில்லை. மதிய வெயிலில் நிறுத்திவைத்து எடுத்த நாட்களில் நிச்சயம். காலி வீதி நெரிசலில் ஊரும்போது இல்லை. புதிய களனிப் பாலத்தின் ஏற்றத்தில் உண்டு. ஏசியை நிறுத்தினால் கொஞ்சம் தேறும். தாங்கி நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் வித்தியாசம் இல்லை.

இதை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே சிலவற்றைக் கழித்துவிடலாம். என்ஜினுக்குத் தேவை காற்று, பெற்றோல், தீப்பொறி; எரிந்த புகை வெளியேற வழி. இந்த நான்கில் ஒன்று குறைந்தால்தான் இழுவை போகும். சூட்டில் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் கெட்டாலோ தீப்பொறி தப்பினாலோ கார் வெட்டி வெட்டி இழுக்கும், என்ஜின் சுற்றைக் காட்டும் முள் துள்ளும். எங்களுடையது அப்படியில்லை, மெதுவாக வலுவிழந்து வந்தது. இது நூறு வீதம் பொருந்தும் விதியல்ல என்றாலும் முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று முடிவுசெய்யப் போதும். எங்கள் தாள் பெற்றோலின் பக்கம் கை காட்டியது.

அதற்கு முன் புகை வழியைப் பார்த்தோம், ஏனென்றால் புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டர் அடைபட்டால் அதுவும் இதே மாதிரி மூச்சைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்தால் துண்டு உருண்டு ஒரு நேரம் வழியை அடைக்கும், ஒரு நேரம் விலகும். அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டினோம், கலகலப்பு இல்லை. வெற்றிட மானியை உள்ளெடுப்புக் குழாயில் மாட்டி, என்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்துக்கொண்டு பார்த்தோம். புகை வெளியேற முடியாவிட்டால் முள் நிமிடக் கணக்கில் சரிந்துகொண்டே வரும். எங்களுடையது அசையவில்லை.

இன்னொரு சோதனை செலவே இல்லாதது. தாங்கிக்குள் காற்றுப் போகும் வழி அடைபட்டிருந்தால், பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுக்கத் திணறும். கார் களைத்தவுடன் நிறுத்திப் பெற்றோல் மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும், காரும் உடனே தேறும். கடவத்தைக்கு அப்பால் ஒரு நாள் செய்து பார்த்தேன். சத்தமும் இல்லை, தேற்றமும் இல்லை.

காரின் கணினியில் பதிவான குறைகளை வாசிக்கும் ஸ்கானர் பற்றிக் கேட்பீர்கள். மடிக்கணினியோடு ஒரு தம்பி வந்தார், கருவியைச் செருகும் இடத்தைக் காரெங்கும் தேடினார். அந்தக் காலத்து ஜப்பான் உள்நாட்டுக் கார்கள் பலவற்றில் அது கிடையாது, எங்களுடையதிலும் இல்லை. பொனட்டுக்கு அடியில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி இருக்கும். அதன் மூடியின் உட்புறம் துளைகளின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். டிஈ1, ஈ1 என்ற இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், என்ஜின் விளக்கு மின்னி மின்னிக் குறை எண்ணைச் சொல்லும். எங்களுடையது இடைவெளியில்லாமல் சீராக மின்னியது. ஒன்றும் பதிவாகவில்லை என்று பொருள். வியப்பில்லை. அந்தப் பழைய கணினிக்குப் பெற்றோல் அழுத்தத்தை அறியும் கண் இல்லை. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பி இன்ஜெக்டரைத் திறக்கிறது. வருவது பாதிதான் என்பது அதற்குத் தெரியாது.

மாளிகாவத்தையில் வாகன வயரிங் வேலை செய்யும் நானா ஒருவரைச் சிநேகிதி ஒருத்தி சொல்லியிருந்தாள். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியவர், கடையில் விளம்பரப் பலகைகூட இல்லை. அம்மாவின் அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். இதுவரை எந்தப் பாஸும் அந்தத் தாளைக் கையில் வாங்கியதில்லை. வாசித்து முடித்துவிட்டு, “தங்கச்சி, இங்கே வைத்து இதைப் பிடிக்க முடியாது. இது போகும் இடத்துக்கு நாமும் போக வேண்டும்” என்றார்.

போகும் இடம் எங்களுக்குத் தெரிந்ததுதான். அக்கா கண்டியில் இருக்கிறாள். மாவனல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் எங்கள் கார் படுத்துவிடும். பின்னால் வரும் பஸ்கள் ஹோர்ன் அடித்தே நம்மைப் பேராதனைக்குத் தள்ளிவிடப் பார்க்கும்.

நானா இரண்டு ஏற்பாடுகள் செய்தார். பெற்றோல் குழாயில் ஒரு அழுத்தமானியை இணைத்து, அதன் நீண்ட ஹோஸைப் பொனட் இடுக்கால் வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் துடைப்பானுக்கு அடியில் முகம் என்னைப் பார்க்க ஒட்டினார். யாரும் அதைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது. ஹோஸ் கழன்றால் மடியில் பெற்றோல் பீய்ச்சும். அடுத்தது பின்னிருக்கையைத் தூக்கி, அதற்கு அடியில் உள்ள மூடியைத் திறந்து, பம்புக்குப் போகும் செருகியின் இரண்டு வயர்களிலும் மெல்லிய வயர் கோத்து, ஒரு மல்டிமீற்றரோடு சேர்த்தார். மல்டிமீற்றர் அம்மாவின் கையில். நானா முன்னிருக்கையில். வெயில் ஏறும்வரை வேண்டுமென்றே காத்திருந்து புறப்பட்டோம்.

இந்த என்ஜினில் அழுத்தம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்தால்தான் பிறகு பார்த்தது விளங்கும். சும்மா நின்று சுற்றும்போது அழுத்த அலகில் சுமார் 33 பிஎஸ்ஐ. மிதியை அழுத்தினால் உள்ளெடுப்புக் குழாயின் வெற்றிடம் குறையும். அந்த வெற்றிடத்தோடு இணைந்த சீராக்கி அழுத்தத்தை 40க்கு மேல் ஏற்றிவிடும். அதாவது காலை அழுத்த அழுத்த முள் ஏற வேண்டும். நிட்டம்புவவில் ஏறியது. வரக்காபொலவில் ஏறியது. அம்மா பின்னாலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, பம்புக்குக் கிடைக்கும் வோல்ட்டைச் சொன்னார்: பதின்மூன்று, பன்னிரண்டு புள்ளி எட்டு. கேகாலையைத் தாண்டும்போது பன்னிரண்டு புள்ளி ஒன்று. நானா ஒன்றும் பேசவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்.

மாவனல்லைக்கு மேலே முதல் வளைவில் மூன்றாம் கியருக்கு மாற்றி மிதியை அழுத்தினேன். முள் ஏறவில்லை. இறங்கியது. 30, 25, பிறகு 20ஐ ஒட்டி நின்றுவிட்டது. காரும் வழக்கம்போலக் களைத்தது. “ஒன்பது புள்ளி ஏழு,” என்றார் அம்மா, விடைத்தாளில் கணக்குப் பிழையைக் கண்டுபிடித்த அதே குரலில்.

அகலமான ஓரம் ஒன்று பார்த்து நிறுத்தினோம். நானா என்ஜினை அணைக்க விடவில்லை. அணைத்தால் ஆறிவிடும், ஆறினால் ஆதாரம் போய்விடும். ஒரு நீண்ட வயரைப் பற்றரியின் மைனஸ் முனையிலிருந்து பின்னிருக்கை வரை இழுத்து அளந்தார். பற்றரியில் 13.8 வோல்ட். பம்பின் பிளஸ் வயரில் 13.1, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பழைய ரிலேக்கும் வயருக்கும் அது மன்னிக்கக்கூடிய இழப்பு. பம்பின் மைனஸ் வயரில் 3.4. அங்கே பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். பம்புக்குக் கிடைத்தது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அம்மா சொன்ன அதே 9.7.

பம்பில் குறையில்லை. ஃபில்டரிலும் இல்லை, ஃபில்டர் அடைபட்டிருந்தால் அழுத்தம் விழுந்திருக்கும், ஆனால் பம்புக்கு வரும் வோல்ட் குறைந்திருக்காது. போன மின்சாரம் திரும்பி வரும் வழியில்தான் தடை. ஏர்த் என்று நாம் சொல்லும் அந்த இணைப்பு, வயரின் முனையை ஒரு போல்ட்டால் காரின் தகரத்தோடு இறுக்கியிருக்கும் இடம்.

கண்டியில் அக்கா வீட்டு முற்றத்தில், டிக்கியின் விரிப்பைத் தூக்கி அந்த வயரைத் தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தோம். போல்ட்டின் தலை மட்டும் பார்க்க ஒழுங்காக இருந்தது. கழற்றினால் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு, தகரத்தில் துரு. டிக்கி ரப்பர் பீடிங் எப்போதோ சுருங்கி, மழைத் தண்ணீர் அந்த மூலைக்கு வழி கண்டிருந்தது. அதற்கு மேல் எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் யன்னல் கம்பியில் விரலை வைத்து நக்கினால் உப்புக் கரிக்கும். எங்கள் தெருவில் வாயில் கேற்றுகள், ஏசி வெளிப்பெட்டிகள், சைக்கிள்கள் எல்லாம் ஊரில் மற்ற இடங்களைவிட முந்தித்தான் துருப்பிடிக்கின்றன. இரவெல்லாம் அதே காற்றில் நிற்கும் கார் மட்டும் தப்புமா?

கணக்குப் போட்டால் எல்லாக் குறிப்புக்கும் விடை கிடைக்கிறது. இந்தப் பம்பு ஏறத்தாழ 4 அம்பியர் இழுக்கும். அந்த இடத்தில் 3.4 வோல்ட் விழுகிறதென்றால் தடை 0.85 ஓம், அங்கே 13 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கிறது. துருவடைந்த இணைப்பு சூடேறச் சூடேற அதன் பிடி இன்னும் மோசமாகும், மோசமானால் இன்னும் சூடேறும். அதற்குத்தான் அந்த அரை மணி நேரம். வெயிலில் நின்ற டிக்கி அதற்கு முன்பணம் கொடுத்துவிடுகிறது. விடிகாலையில் அது கிடையாது. வோல்ட் குறைந்த பம்பு மெதுவாகச் சுற்றும். நெரிசலில் ஊரும்போது என்ஜின் குடிப்பது கொஞ்சம், மிச்சம் தாங்கிக்கே திரும்பிப் போகிறது, அதனால் குறை வெளியே தெரியாது. ஏற்றத்தில் முழுக் கொள்ளளவும் வேண்டும்போது தெரிந்துவிடுகிறது. அணைத்து வைத்த கால் மணி நேரத்தில் இணைப்பு ஆறிப் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

வயரிங்கைத் தாங்களும் பார்த்ததாகச் சில பாஸ்மார் சொன்னது பொய்யல்ல. மல்டிமீற்றரை ஓம் அளக்கும் நிலையில் வைத்து, அணைத்து ஆறிய காரில் பார்த்திருப்பார்கள்; ஏறத்தாழப் பூச்சியம் காட்டியிருக்கும். அந்தக் கருவி அளப்பதற்காக அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அது கடந்துபோக ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தால் போதும். 4 அம்பியர் கடக்கும்போது அந்த இழை என்ன செய்கிறது என்பதை ஓம் மீற்றர் ஒருநாளும் சொல்லாது. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட் எங்கே விழுகிறது என்று அளப்பது ஒன்றே வழி.

பம்பை மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நானாவிடம் கேட்டேன். “கொஞ்ச நாள் ஓடும். செருகியைக் கழற்றி மாட்டும்போது வயர் அசையும், ஏர்த்தும் கொஞ்சம் பிடிக்கும். அதற்குப் பிறகு பழைய கதை. பம்பு சரியில்லை என்று கடைக்காரனோடு நீங்கள் சண்டை பிடிப்பீர்கள்” என்றார். பஞ்சிகாவத்தையில் ‘ஜப்பான் ஒரிஜினல்’ என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, பிரித்த கார்களிலிருந்து கழற்றியவை. அதன் வயது என்னுடைய பம்பின் வயதுதான்.

பெற்றோல் தட்டுப்பாடு வந்த 2022ஐயும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் எந்தப் பழைய காருக்கு என்ன வந்தாலும் “அந்த நாளைய பெற்றோல், மிஸ்” என்று ஒரு விளக்கம் தயாராக இருக்கும். வரிசையில் நாட்கணக்கில் நின்றது, கலன்களில் சேமித்தது, கியூஆர் அட்டைப் பங்கீடு, தாங்கியின் அடி தட்டும்வரை ஓட்டியது எல்லாம் உண்மை. அடியில் படிந்த கசடு பம்பின் வாயிலுள்ள வலையில் ஒட்டி, நிறுத்தியதும் உதிர்ந்து, மறுபடி ஒட்டி, எங்களுடையதைப்போலவே விட்டுவிட்டுக் களைக்க வைக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் அந்த விளக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, அன்றைக்கே நானா பம்பை வெளியே தூக்கி வலையைப் பார்த்தார். மங்கியிருந்தது, அடைப்பு இல்லை. அப்படியே திருப்பி வைத்தார்.

பழுதுபார்ப்பை எழுத ஒரு வரி போதும். பழைய முனையை வெட்டிப் புதிய வளைய முனை அழுத்தி, தகரத்தை மண்தாளால் வெள்ளை தெரியத் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். டிக்கி பீடிங் மாற்ற அதைவிடக் கூடச் செலவானது. ஒரு நாள் முழுவதும் எங்களோடு அலைந்ததற்கு நானா கேட்ட கூலி எனக்கே கூச்சமாக இருந்தது. அம்மா கணக்குப் பார்த்து இன்னொரு தொகை கொடுத்தார், அவர் மறுக்க, இவர் ஆசிரியைக் குரலை எடுக்க, வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் இறக்கம், அது சோதனை ஆகாது. அடுத்த மாதம் நல்ல வெயிலில், நான்கு பேர், ஏசி, டிக்கி நிறைய மாம்பழத்தோடு மறுபடி கடுகண்ணாவை ஏறினோம். மூன்றாம் கியரில் போனது. மல்டிமீற்றர் வயரை நான் இன்னும் கழற்றவில்லை. ஏற்றத்தின் உச்சியில் பம்புக்கு 13 வோல்ட் கிடைக்கிறது, மைனஸ் பக்கத்தில் 0.1.

அந்தக் கையோடு மற்ற ஏர்த் இணைப்புகளையும் விளக்கு, விசிறி எல்லாம் போட்டு அளந்து பார்த்தேன். என்ஜினுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள பட்டை நன்றாக இருக்கிறது. இடப்பக்க முன்விளக்கின் ஏர்த்தில் 0.6 விழுகிறது, அந்த விளக்கு மங்கல் என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போயா எனும் பௌர்ணமி விடுமுறையில் அதைக் கழற்றுகிறேன். மண்தாள் மிச்சம் இருக்கிறது.